எல்லாம் லில்லி இல்லை: தென்னமெரிக்கக் கிழங்குகளைப் பிரித்து, அவற்றின் ஊரைக் கண்டுபிடிக்கும் வழி

நர்சரியில் ‘லில்லி’ என்று சொல்லிக் கையில் கொடுக்கும் கிழங்குகளில் பெரும்பாலானவை லில்லியே இல்லை. கோடையில் சிவப்பாகப் பெரிதாகப் பூக்கும் ஹிப்பியாஸ்ட்ரமும், ஒரு மழை விழுந்த சில நாளில் தொட்டி நிறைய வெள்ளையும் ரோஸும் மஞ்சளுமாக எழும் ஸெஃபிராந்தஸும் அமரில்லிடேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் சொந்தபந்தமெல்லாம் பிரேசில், பொலிவியா, பெரு, அர்ஜென்டினா, சிலி என்று தென்னமெரிக்காவில் பரவிக் கிடக்கிறது. வேறு சில இனங்கள் மெக்சிகோ, கரீபியன் தீவுகள் வரை போகும்.

நான் ஓசூரில் ரோஜா நர்சரிகளுக்குக் கணக்கு எழுதியவன். ரோஜா மீது எனக்கு ஆசையே வரவில்லை. நர்சரி மூலையில் சீட்டு கிழிந்து கிடக்கும் கிழங்குகள்தான் பிடித்தன. இப்போது மாடித் தொட்டிகள் முழுக்க அவைதான். தெருவில் இருப்பவர்கள் பூவைப் படம் எடுத்து அனுப்பி, “அண்ணா, இது என்ன வகை? ஏன் பூக்க மாட்டேங்குது?” என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. அந்தக் கிழங்கின் மூதாதைகள் எந்த ஊர் மழையில் வளர்ந்தன என்று தெரிந்தால், எப்போது தண்ணீர் ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பது தானாகத் தெரியும். அதற்கு முதலில் செடி எந்தக் கூட்டம் என்று பிரிக்க வேண்டும்.

முதல் வேலை, நிஜ லில்லியை ஒதுக்குவது. நிஜ லில்லிக்குத் தண்டு முழுக்க இலை இருக்கும். அதன் கிழங்கு மேல்தோல் இல்லாமல் செதில் செதிலாக இருக்கும். நம் கூட்டத்தில் பூத்தண்டு மொட்டையாக, ஒரு இலைகூட இல்லாமல் நேராக எழும். பூவைத் திருப்பிப் பாருங்கள். இதழ்கள் சேரும் இடத்துக்குக் கீழே பச்சையாக ஒரு புடைப்பு தெரிந்தால் அதுதான் சூற்பை. லில்லியில் அது பூவுக்குள் இருக்கும், இதில் பூவுக்குக் கீழே இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தும் பாருங்கள். பூண்டு வாடை அடித்தால் அது இஃபியான், நோத்தோஸ்கார்டம் போன்ற வேறொரு கிளை. அதுவும் தென்னமெரிக்காதான், ஆனால் வெங்காயத்துக்கு நெருக்கம். அதை இங்கே விட்டுவிடலாம்.

அடுத்தது கத்தி. பூ வாடிய பிறகு தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே குழாயாக, ஓட்டையாக இருந்தால் ஹிப்பியாஸ்ட்ரம் அல்லது ஸெஃபிராந்தஸ் பக்கம். கெட்டியாகச் சதை நிறைந்திருந்தால் வேறு ஆள். நம் கடற்கரைகளிலேயே வளரும் விஷமூங்கில், அதாவது கிரைனம், கெட்டித் தண்டுதான். தென்னாப்பிரிக்காவின் அமரில்லிஸ் பெல்லடோனாவும் அப்படியே. ஸ்பைடர் லில்லி என்று விற்பதில் மகரந்தத்தாள்களைச் சேர்த்துக் கட்டியபடி ஒரு மெல்லிய வெள்ளைக் கிண்ணம் இருக்கும். அதைப் பார்த்தாலே போதும், கத்தி வேண்டாம். அது அமெரிக்கக் கண்டம்தான் என்றாலும் வேறு கிளை.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைச் சீட்டில் இன்னமும் ‘அமரில்லிஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அமரில்லிஸ் பெல்லடோனா என்று பெயர் வைத்தது தென்னாப்பிரிக்கச் செடிக்கா, அமெரிக்கச் செடிக்கா என்பதில் தெளிவில்லை. 1821இல் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அமெரிக்கச் செடிகளுக்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்று தனிப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த ஒரு கூட்டம், வைத்தார். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1987இல் பெர்லினில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில்தான் அமரில்லிஸ் என்ற பெயர் தென்னாப்பிரிக்கச் செடிக்கே என்று முடிவானது. ஆகவே நம் மாடியில் சிவப்பாகப் பூப்பது ஹிப்பியாஸ்ட்ரம். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், உங்கள் சீட்டில் சரியாக எழுதினால் போதும்.

காய் பிடித்திருந்தால் விதையும் நல்ல சாட்சி. ஹிப்பியாஸ்ட்ரம் காய் மூன்று அறையாக வெடிக்கும். உள்ளே கருப்பாக, தட்டையாக, காகிதம் கணக்கில் மெலிந்த விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். காற்றில் பறந்து போகிற விதை. ஸெஃபிராந்தஸ் விதையும் கருப்புதான், அளவு சிறிது. கிரைனத்தின் விதை பச்சையாக, சதைப்பற்றோடு, உருண்டையாக இருக்கும். விதையைப் பார்த்தவர் கிரைனத்தையும் நம் கூட்டத்தையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

இனி ஹிப்பியாஸ்ட்ரமா, ஸெஃபிராந்தஸா? மொட்டை மூடியிருக்கும் மடலைப் பாருங்கள். இரண்டு மடல் அடிவரை தனித்தனியாகப் பிரிந்து, அதற்குள்ளிருந்து இரண்டோ அதற்கு மேலோ பூ வந்தால் ஹிப்பியாஸ்ட்ரம். ஒற்றைப் பூ, மடலின் அடிப்பகுதி ஒட்டிக் குழலாக இருந்தால் ஸெஃபிராந்தஸ், அதாவது நம்முடைய ரெயின் லில்லி. ரெயின் லில்லியிலேயே பூ வானத்தைப் பார்த்து நேராக நின்றால் பழைய கணக்கில் அது ஸெஃபிராந்தஸ். பூ ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே ஆறு மகரந்தத்தாளும் நான்கு வெவ்வேறு நீளத்தில் இருந்தால் ஹாப்ராந்தஸ். லென்ஸ் எதுவும் வேண்டாம், காலை வெளிச்சம் போதும்.

‘பழைய கணக்கில்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஹாப்ராந்தஸ் இப்போது தனிப் பேரினம் இல்லை. டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்தபோது ஸெஃபிராந்தஸ், ஹாப்ராந்தஸ், சிலியின் ரோடோஃபியாலா எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பது தெரிந்தது. பல காலத்துக்கு முன்பே இவை தங்களுக்குள் கலப்பாகியிருக்கின்றன என்று 2017இல் ஒரு ஆய்வு சொன்னது. 2019இல் நிக்கோலஸ் கார்சியா, ஆலன் மீரோ உள்ளிட்டவர்கள் வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார்கள். ஹிப்பியாஸ்ட்ரம் அப்படியே நின்றது. ரெயின் லில்லிக் கூட்டமும் ஹாப்ராந்தஸும் ரோடோஃபியாலாவில் பெரும்பகுதியும் ஸெஃபிராந்தஸ் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. சிலியின் ஃபைசெல்லா, ட்ராபியா முதலியவை பக்கத்துக் கிளையாகத் தனியே நின்றன.

தோட்டக்காரனாக எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ரோடோஃபியாலாவில் ஒரு தண்டுக்குப் பல பூ இருக்கும், மடலும் பிரிந்திருக்கும். பார்க்கச் சின்ன ஹிப்பியாஸ்ட்ரம் மாதிரியே இருக்கும். நான் மேலே சொன்ன மடல் கணக்கு இங்கே உதைக்கும். இலை புல்லாக மெலிந்து, பூ சிறிதாக, சிலியிலிருந்தோ அர்ஜென்டினாவிலிருந்தோ வந்ததென்று தெரிந்தால் இந்தப் பக்கம் தள்ளுங்கள். ஆனால் அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். உறவு இருக்கிற இடத்தில் உறவைக் காட்டத்தானே வகைப்பாடு. சீட்டு எழுதும்போது நான் ‘ஸெஃபிராந்தஸ் ரோபஸ்டா, பழைய பெயர் ஹாப்ராந்தஸ் ரோபஸ்டஸ்’ என்று இரண்டையும் எழுதுகிறேன். பழைய பட்டியல்களில் தேட பழைய பெயர் வேண்டும், புதியவற்றில் தேடப் புதிய பெயர் வேண்டும்.

சரி, கூட்டம் பிரித்தாயிற்று. இனிமேல்தான் விஷயமே. ஒரு தென்னமெரிக்க வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோடுகளை மறந்துவிட்டு மழையை மட்டும் பாருங்கள்.

கிழக்கே பிரேசிலின் கடலோரம். அங்கே மலைத்தொடர் கடலை ஒட்டியே போகிறது, ஈரக்காற்று அதில் முட்டிக் காட்டை எப்போதும் நனைத்துக்கொண்டே இருக்கும். அட்லாண்டிக் காடு என்பது இதுதான். ஹிப்பியாஸ்ட்ரம் இனங்கள் மிகுதியாக உள்ள இரண்டு வட்டாரங்களில் கிழக்குப் பிரேசில் ஒன்று. இங்கே சில இனங்கள் மண்ணில் வளர்வதே இல்லை, மரக்கிளையில் பாசியும் சருகும் சேர்ந்த இடுக்கில் தொற்றிக்கொள்ளும். வெண்பச்சை இதழில் கருஞ்சிவப்புக் கோடுகளோடு பூக்கும் ஹிப்பியாஸ்ட்ரம் பாப்பிலியோ அப்படிப்பட்டது. காட்டில் அது அருகிவிட்டது, தோட்டங்களில் பெருகிவிட்டது. பச்சைப் பூக்கும் கலிப்ட்ராட்டம், சிவப்பாகப் பூக்கும் ஆலிக்கம் ஆகியவையும் மரமேறிகள். இவற்றுக்கு ‘கிழங்கைக் காயப்போடு’ என்ற அறிவுரை பொருந்தாது. பாப்பிலியோ வருடம் முழுக்க இலையோடு இருக்கும். செம்மண்ணில் புதைத்து, டிசம்பரில் தண்ணீரை நிறுத்தினால் வேர் செத்துவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் இலைமக்கு கலந்து, கிழங்கின் பாதி வெளியே தெரியும்படி வைத்து, நிழலில், வாரம் தவறாமல் தண்ணீர். ஓசூர் குளிருக்கு இது சந்தோஷமாக இருக்கிறது. சமவெளி வெயிலில் நிழல்வலைக்குக் கீழே மட்டும் முயன்று பாருங்கள்.

அதே கிழக்குப் பிரேசிலில் காட்டுத் தரையில் வளர்வது ரெட்டிகுலேட்டம். ரோஸ் இதழில் வலைப்பின்னல் கோடு. இதில் ஸ்ட்ரையாட்டிஃபோலியம் என்ற வகைக்கு இலை நடுவே வெள்ளைப் பட்டை ஓடும். பூ இல்லாமலே அடையாளம் காணக்கூடிய ஹிப்பியாஸ்ட்ரம் எனக்குத் தெரிந்து இதுதான். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆகவே விதையில் வருவதும் தாயைப் போலவே இருக்கும். இதற்கும் நிழல்தான் வேண்டும்.

ரியோ டி ஜெனிரோவுக்கு மேலே பெட்ரோபோலிஸ் பக்கத்து மலைகளில் கருங்கல் பாறைச் சரிவில், அருவிச் சாரல் படும் இடத்தில் வோர்ஸ்லேயா என்று ஒன்று இருக்கிறது. நீலம் கலந்த ஊதாப் பூ. அந்தப் பேரினத்தில் அந்த ஒரே இனம்தான். ‘நீல அமரில்லிஸ்’ என்று இணையத்தில் விதை விற்பவர்கள் காட்டும் படம் பெரும்பாலும் இதனுடையது, அல்லது கணினியில் நிறம் மாற்றிய சிவப்புப் பூ. இதன் நெருங்கிய உறவு ஹிப்பியாஸ்ட்ரம் இல்லை, கிழக்குப் பிரேசில் காட்டு நிழலில் வளரும் க்ரிஃபினியா. மலிவாக நீல விதை கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

இப்போது மேற்கே, உள்ளே வாருங்கள். பெரு, பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா பக்கம் ஆண்டிஸின் கிழக்குச் சரிவும் அதன் அடிவாரமும் ஹிப்பியாஸ்ட்ரத்தின் இன்னொரு தாய்வீடு. இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது அவர்கள் கோடையில், மழை. மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. செடி மழைக்கு இலை விடும், வறட்சிக்கு இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காகக் கிடக்கும். இதழ்கள் சிலந்திக் கால்களாக நீண்டு வளையும் சைபிஸ்டர், மஞ்சளாகப் பூக்கும் இவான்சியே இரண்டும் பொலிவியா பக்கத்தவை. புள்ளி தெளித்த பார்டினமும், பெரிய திறந்த பூவுடைய லியோபோல்டையும் இந்தச் சரிவுகளிலிருந்து போனவைதான். 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் லண்டனின் வீச் நர்சரிக்காக இவற்றைச் சேகரித்து அனுப்பினார். இன்று பெட்டியில் வரும் அகலப் பூ டச்சுக் கலப்பினங்களின் ரத்தத்தில் இந்த இரண்டும் ஓடுகின்றன.

ஆகவே கடையில் வாங்கிய பெரிய பூ ஹிப்பியாஸ்ட்ரத்துக்கு ஆண்டிஸ் கணக்கைப் பின்பற்றலாம். பூமியின் தென்பாதி, வடபாதி என்று மாதத்தைத் திருப்பிப் போட்டுக் குழம்ப வேண்டாம். கிழங்குக்கு மாதம் தெரியாது, ஈரமும் வறட்சியும்தான் தெரியும். நமக்குத் தொல்லை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர் மழையில் தொட்டி ஊறினால் கிழங்கு அழுகும். அந்த நேரத்தில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். தண்ணீரைக் குறைத்து, இலை தானாக மஞ்சளாகட்டும். டிசம்பர், ஜனவரியில் உலர்ந்து கிடக்கட்டும். வணிகமாகச் செய்பவர்கள் 13 டிகிரி செல்சியஸ் அளவில் எட்டுப் பத்து வாரம் வைக்கிறார்கள். ஓசூர் ராத்திரிக் குளிர் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பிப்ரவரி கடைசியில் தண்ணீர் காட்டினால் மொட்டு எட்டிப் பார்க்கும்.

பூக்காத கிழங்கு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குக்குள் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற ஒழுங்கில் மொட்டு உருவாகிறது. இந்த வருடம் பூப்பது போன பருவத்திலேயே உள்ளே உட்கார்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இலை போதுமான அளவு வளரவில்லை என்றால் அடுத்த கோடையில் எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை. பூ முடிந்ததும் அழகுக்காக இலையை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மூன்றாவது வட்டாரம் தெற்கே, ரியோ டி லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றிய உருகுவே, அர்ஜென்டினா, தென்பிரேசில் புல்வெளி. மழை வருடம் முழுக்கப் பரவி வரும், பள்ளங்களில் நீர் நிற்கும். நம் ஊரில் பாத்தி ஓரம் நடும் வெள்ளை ரெயின் லில்லி, ஸெஃபிராந்தஸ் கேண்டிடா, இங்கிருந்துதான் வந்தது. கோரைப்புல்லைப் போலத் தடித்த இலை, எப்போதும் பச்சை. இதை யாரும் உலர்த்தத் தேவையில்லை, தொட்டிக்குக் கீழே தண்ணீர்த் தட்டு இருந்தாலும் கவலைப்படாது. இளரோஸ் நிறத்தில் சாய்ந்து பூக்கும் ரோபஸ்டாவும் இந்த வட்டாரமே. செம்பு நிறத்தில் சிறிதாகப் பூக்கும் டியூபிஸ்பாத்தா இன்னும் வேடிக்கை. தென் தென்னமெரிக்காவில் இருக்கிறது, அப்புறம் நடுவே எதுவும் இல்லாமல் வட அமெரிக்காவின் டெக்சஸில் இருக்கிறது. ஸ்பானியர் காலத்தில் மனிதரோடோ கால்நடையோடோ போயிருக்கலாம் என்பது பரவலான கருத்து.

மற்ற ரெயின் லில்லிகள் எல்லாம் இந்த வட்டாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ரோஸ் பூ கரினாட்டா மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரை. மஞ்சள் சிட்ரினா மெக்சிகோ பக்கம். இவற்றுக்கு நனைந்து காய்ந்து, மறுபடி நனைய வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் இலைதான் வரும். பத்து நாள் மறந்துவிட்டு ஒரு நாள் வாளி வாளியாக ஊற்றினால் பூக்கும். ஹிப்பியாஸ்ட்ரத்திலும் இப்படி வடக்கே போன ஒருவர் உண்டு: பியூனிசியம், மெக்சிகோ, கரீபியன் முதல் தென்னமெரிக்க வெப்பமண்டலம் வரை. ஆரஞ்சுச் சிவப்பு, தொண்டையில் வெளிர்பச்சை நட்சத்திரம். சமவெளி வெப்பத்துக்கு ஹிப்பியாஸ்ட்ரங்களில் என் முதல் பரிந்துரை இதுதான்.

நான்காவது சிலி. ஆண்டிஸுக்கு மேற்கே எல்லாமே தலைகீழ். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. வடக்கே போகப் போக அந்த மழையும் இல்லை, அட்டகாமா பாலைவனம். கோபியாப்போ, வயெனார், வாஸ்கோ பகுதிகளில் பல வருடம் வெறும் மணல்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வருடத்தில் மழை விழுந்தால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பாலைவனமே பூக்கும். 2015 மார்ச்சில் அங்கே பெருவெள்ளம் வந்து ஆட்களைக் கொண்டுபோனது, அந்த வருட இறுதியில் பூத்த பாலைவனத்தைப் பார்க்க உலகமே போனது. அந்தப் பூக்களில் அன்யன்யூகா என்று அங்கே அழைக்கப்படுவது நம் கூட்டம்: சிவப்புக்கு ஃபைசெல்லாய்டிஸ், மஞ்சளுக்கு பேக்னால்டியை. முன்பு ரோடோஃபியாலா, இப்போது ஸெஃபிராந்தஸ். கிழங்கு ஆழத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்கும்.

இவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. குளிரில் ஈரம், வெப்பத்தில் முழு வறட்சி என்ற கணக்கு நம் பருவமழைக்கு நேர் எதிர். ஊட்டி, கொடைக்கானலில் மழைபடாத கண்ணாடிக் கூரை வைத்திருப்பவர் வேண்டுமானால் மணல் நிறைந்த ஆழத் தொட்டியில் முயலலாம்.

வரைபடம் ஆயிற்று, ஒரு தொந்தரவு பாக்கி. உங்கள் கிழங்கு எந்தக் காட்டிலும் இல்லாத கலப்பினமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹிப்பியாஸ்ட்ரத்தில் முதல் கலப்பு 1799இலேயே நடந்துவிட்டது. இங்கிலாந்தில் ப்ரெஸ்காட் என்ற ஊர்க் கடிகாரக்காரர் ஆர்தர் ஜான்சன், ரெஜினேயையும் விட்டாட்டத்தையும் சேர்த்துச் செய்தது. ஜான்சனியை என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. ரெயின் லில்லியில் கல்கத்தா அலிப்பூரில் சிட்னி பெர்சி லான்காஸ்டர் செய்த கலப்பினங்கள் உலகத் தோட்டங்களுக்கே போயின. பிரேசிலில் ஹொலாம்ப்ரா என்ற ஊரில் டச்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள், டச்சுக் கலப்பின ஹிப்பியாஸ்ட்ரத்தைப் பிரேசில் மண்ணிலேயே வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள்.

பூ கையகலத்துக்கு மேல் விரிந்து, இதழ் அகலமாக ஒன்றையொன்று மூடி, அடுக்குப் பூவாக இருந்தால் இன்ன இனம் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சீட்டில் ‘ஹிப்பியாஸ்ட்ரம் கலப்பினம், சிவப்பு’ என்று எழுதி, வாங்கிய இடம், பூக்கும் மாதம், இலை உதிருமா உதிராதா என்ற மூன்றையும் சேருங்கள். இலை உதிராத கலப்பில் பாப்பிலியோ, ஆலிக்கம் மாதிரி மரமேறி ரத்தம் இருக்கலாம். அதைக் கட்டாயமாகக் காயப்போட வேண்டாம், டிசம்பரில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

இனமாகவே வேண்டும் என்றால் விதையிலிருந்து தொடங்குவதுதான் நேர்மையான வழி. காட்டிலிருந்து தோண்டிய கிழங்கு என்று தெரிந்தால் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கிழங்கோ விதையோ வரவழைக்க இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அவை இல்லாமல் வந்தால் சுங்கத்திலேயே நின்றுவிடும். ஆகவே உள்நாட்டில் வளர்ப்பவரிடம் கேட்பது சுலபம். கருப்பு விதை கிடைத்ததும் அகலமான டப்பாவில் தண்ணீர் விட்டு அதன்மேல் மிதக்க விடுங்கள். உள்ளே சதை உள்ள நல்ல விதையில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் நீளும், வெறும் தோல் சும்மா மிதக்கும். வேர் வந்ததை மணல் கலந்த மண்ணில், விதை மேலே தெரிய நடுங்கள். நாற்றாக இருக்கும் முதல் இரண்டு வருடம் எந்த வட்டாரக் கிழங்கையும் காயப்போட வேண்டாம். இலை இருக்கும் வரை தண்ணீர் கொடுங்கள். பூக்க மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆகும். வீட்டில் நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள். கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, கடித்தால் வாந்தி நிச்சயம்.